தைராய்டு ரிப்போர்ட் நார்மல், ஆள் மட்டும் நார்மலாக இல்லை: பிட்யூட்டரி அனுபவங்கள்

குடியாத்தம்:
அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். பிள்ளைக்குப் பால் சுரக்கவே இல்லை. அம்மா பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு என்று எல்லாம் செய்து பார்த்தார். மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும், அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். எடுத்தால் நார்மல். 'மனசுதான் காரணம்' என்று ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் வேலூரில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம், அக்குள் முடியெல்லாம் கொட்டிவிட்டது என்று கூச்சத்தோடு சொன்னாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிரசவத்தில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டார். ஷீஹான் சிண்ட்ரோம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கர்ப்ப காலத்தில் பெருத்திருக்கும். அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்தால் சுரப்பி செத்துவிடுகிறது. டி.எஸ்.ஹெச். அங்கிருந்துதான் வர வேண்டும், அதுவே படுத்துவிட்டால் எப்படி ஏறும்? தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு, உடம்பு நெருக்கடியைத் தாங்க வேண்டிய ஹார்மோனான கார்ட்டிசால், காலை 8 மணிக்கு எடுத்தது, அதைவிட மோசம். முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாம்.

ஆம்பூர்:
எங்கள் மாமா ஷூ கம்பெனிக்காரர். 8ஆம் நம்பர் போட்டவருக்கு 10 பத்தவில்லை. கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். கூடவே சுகர், பிரஷர். வளர்ச்சி ஹார்மோன் கூடியிருப்பதைக் காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 ஏகத்துக்கும் இருந்தது, பிட்யூட்டரியில் கட்டி. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். விரல் வீக்கம் வடிந்தது, தாடை எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான்.

ராணிப்பேட்டை:
எனக்கு பிட்யூட்டரியில், பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி. கல்யாணத்துக்கு முன்பே மார்பில் பால் கசிந்தது, வீட்டில் யாரிடம் சொல்வது? ஆபரேஷன் இல்லை, வாரம் இரண்டு தடவை, ப்ரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை மட்டும். வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகளாலும் ப்ரோலாக்டின் ஏறுமாம், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். குடியாத்தம் அக்கா, உங்கள் அக்காவுக்குக் காலம் முழுக்க ஸ்டீராய்டு என்றால் பயமாக இல்லையா?

குடியாத்தம்:
உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள்மா. நிறுத்துவதுதான் பயம். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் உடனே ஊசி. அவள் பர்ஸில் அதை எழுதிய அட்டை எப்போதும் இருக்கும்.