சென்னை டு ஃபிராங்க்ஃபர்ட்: நாயோட சீரம் அனுப்பினவங்க யாராவது இருக்கீங்களா?

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகப்போறது ஆறு வயசு நாட்டு நாய். தடுப்பூசிப் புத்தகத்துல ரேபீஸ் ஊசித் தேதி முன்னாடி, மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற அடையாளச் சிப்) தேதி பின்னாடி. சிப்புக்கு முந்தின ஊசி ஐரோப்பிய ஒன்றியத்துல செல்லாது. அதனால சிப்பை ரீடர்ல படிச்சு, 15 இலக்கத்தையும் சரிபார்த்துட்டு மறுபடி ஊசி போட்டாச்சு. இனி 30 நாள் கழிச்சு டைட்டர் டெஸ்ட்டுக்கு (ரேபீஸ் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்குன்னு பாக்குற சோதனை) ரத்தம், ஒரு மில்லிலிட்டருக்குக் குறைஞ்சது 0.5 ஐயூ (சர்வதேச அலகு) வரணும். அப்புறம் 3 மாசக் காத்திருப்பு. அது ரத்தம் எடுத்த நாள்ல இருந்து, ரிசல்ட் வந்த நாள்ல இருந்து இல்ல.

தெரிய வேண்டியது: அந்த ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்தை, அங்கீகாரம் பெற்ற ஐரோப்பிய லேபுக்கு எடுத்துப்போற கூரியர் எது? ஐஸ் பேக் போதுமா? நுழைவுக்கு முந்தைய 10 நாளுக்குள்ள வாங்குற உடல்நலச் சான்றிதழுக்கு, பள்ளிக்கரணை விலங்கு குவாரன்டைன் ஆபீஸ்ல எப்போ அப்பாயின்ட்மென்ட் போடணும்?