மஸ்கட்டிலிருந்து சூர் வரை ஒரே நாளில்: 72 வயது மாமாவையும் 4 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: அல்குவைர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மஸ்கட்டில் அல் குவைர் பக்கம் இருக்கிறோம். என் மாமனார் தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்த மாதக் கடைசியில் திரும்புகிறார். மாமா 40 வருடம் தோணி கட்டிய ஓடாவி. இங்கே இதுவரை அவருக்கு நாங்கள் காட்டியதெல்லாம் மால், பார்க், பெரிய மசூதி. மத்ரா கடற்கரைச் சாலைக்கும் ஒரு சாயங்காலம் கூட்டிப்போனோம். துறைமுகத்தில் நின்ற சொகுசுக் கப்பலைப் பார்த்துவிட்டு, "மரக்கலம் ஒன்றுகூட இல்லையாம்மா?" என்று கேட்டார். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

சூரில் இன்னும் மரக்கப்பல் கட்டுகிறார்கள் என்று என் கணவரின் நண்பர் சொன்னார். பிம்மா பள்ளம், வாதி ஷாப் (வாதி என்றால் மலை ஓடைப் பள்ளத்தாக்கு), சூர், ராஸ் அல் ஜின்ஸ் ஆமைகள், இந்த நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா? மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு. பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. வெள்ளி நல்லதா, சனி நல்லதா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மலையேறி

வாதி ஷாப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓமானில் நான் பார்த்ததிலேயே அழகான இடம் அதுதான். நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே வண்டியை விட்டுவிட்டு, ஒரு ரியால் கொடுத்தால் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பவும் கூட்டி வருவார்கள். அங்கிருந்து முக்கால் மணி நேர நடை. அப்புறம் குளம் குளமாக நீந்திப் போனால் கடைசியில் ஒரு குகை, அதற்குள் அருவி. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 2: சூர்க்காரன்

தங்கச்சி, நான் சூரில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தச் சாலையில் கூட்டிப்போவது நான்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

நான்கையும் பார்க்க முடியாது. ஆமை முட்டையிடுவதை இரவிலோ விடியற்காலையிலோதான் காட்டுவார்கள். அதுவும் கோடையில்தான் நிறைய வரும். அதற்காக மட்டும் ஒருநாள் தங்குகிற மாதிரி பிறகு வாருங்கள். வாதி ஷாப்பைப் பற்றி முந்தைய தம்பி சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் உங்கள் வண்டியில் இருப்பவர்களுக்கு அது இடம் இல்லை. வழியெல்லாம் வழுக்குப் பாறை, ஏறி இறங்க வேண்டும். என் அப்பா வந்தபோது பாதி தூரம் போய்விட்டு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு போதும்.

சனிக்கிழமையே வாருங்கள். வெள்ளியன்று கப்பல் பட்டறை ஓய்ந்து கிடக்கும், உளிச் சத்தமே இருக்காது. அதைக் கேட்காமல் உங்கள் மாமா இவ்வளவு தூரம் வந்து என்ன பயன்?

காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கெல்லாம் பிம்மா. சுண்ணாம்புப் பாறை கரைந்து மேல்பகுதி இடிந்து உண்டான பள்ளம் அது. ஊர்க்காரர்கள் நட்சத்திரம் விழுந்த இடம் என்பார்கள், ஹவியத் நஜ்ம் என்ற பெயரும் அதனால்தான். மாமா மேலே கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றே முழுசாகப் பார்க்கலாம். பிள்ளைகளைப் படிக்கட்டு வழியாகக் கீழே கூட்டிப்போங்கள், சின்ன மீன்கள் காலைக் கடிக்கும், சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கழிப்பறை அங்கே உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் சூர் வரை ஒரு பக்கம் ஹஜர் மலை, மறுபக்கம் கடல். 120க்கு மேல் போகாதீர்கள், கேமரா நிறைய. சூருக்கு முன்னால் பழைய துறைமுக ஊரான கல்ஹாத் வரும். பீபி மரியம் கல்லறை மண்டபத்தைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: இந்தத் துறையிலிருந்து இந்தியாவுக்குக் குதிரை ஏற்றினார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ சொல்லியிருக்கிறார். அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய பாண்டியர் துறை என்று அவர் சொல்லும் காயல், உங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் காயல்தான்.

சூரில் பட்டறை உப்பங்கழி ஓரம் இருக்கிறது, தொங்குபாலத்துக்குப் பக்கத்தில். வேலை செய்பவர்களில் பலர் நம் நாட்டுக்காரர்கள். கப்பலுக்குத் தேக்கு ஒரு காலத்தில் மலபாரிலிருந்துதான் வந்தது. முதலில் பலகையைச் சேர்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே வங்கு என்கிற விலாச் சட்டங்களை வைப்பது இங்கத்திய வழக்கம். ஃபத்ஹ் அல் கைர் என்ற பழைய கப்பலையும் காட்டுங்கள். 1951இல் இங்கேயே கட்டியது. கைமாறி ஏமன் வரை போய்விட்டது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி 1993இல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதை நினைத்தாலே எனக்கு இந்த ஊர் மேல் தனி மரியாதை.

பதில் 3: இரண்டு பிள்ளை அம்மா

மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தால் எந்த வாதியிலும் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். புளிச்சோறு, தண்ணீர், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் குரியாத் ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள்.

அல்குவைர் மருமகள்:

நேற்று போய்வந்தோம். சூர்க்கார அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிம்மாவில் பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் சின்னவன் கீழே இறங்கவே பயந்தான், பிறகு ஏறி வரமாட்டேன் என்று அழுதான். வழியில் திவி என்ற ஊரின் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்திப் புளிச்சோறு சாப்பிட்டோம். காயல் விஷயத்தைச் சொன்னதும் மாமா பேச்சை நிறுத்திவிட்டு வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். "எங்க அம்மா பிறந்த ஊரு பழையகாயல்" என்றார். கல்யாணமாகி 11 வருடத்தில் இது எனக்குத் தெரியாது.

பட்டறையில் பாதி முடிந்த கப்பல் ஒன்று நின்றது. மாமா என் கையை விட்டுவிட்டு நேராக அதன் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்குப் போனார். முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. அங்கே ஒரு மலையாளத் தச்சர் பலகை இடுக்கில் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். மாமா அந்த வேலையின் பெயரை "கலப்பத்து" என்றார், அவர் தலையாட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் நாங்கள் தேவைப்படவில்லை. மாமா தமிழில் கேட்க, தச்சர் மலையாளத்தில் சொல்ல, கப்பலின் அடியில் ஓடும் ஏராக்கட்டையிலிருந்து பாய்மரம் வரை ஒன்றரை மணி நேரம். கடைசியில் தச்சர் உளியையும் கொட்டாப்புளியையும் மாமா கையில் கொடுத்தார். மாமா ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு அடித்தார். பெரியவள் அதை முழுவதும் செல்போனில் எடுத்திருக்கிறாள்.

ஃபத்ஹ் அல் கைரைப் பார்க்கப் போவதற்குள் நேரம் ஆகிவிட்டது, வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பிப்ரவரி 10 வரை டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று மாமா இன்று காலை என் கணவரிடம் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மறுபடி வருகிறோம் அண்ணா. நீங்கள் ஊரில் இருப்பீர்களா?