கண்டியில் நேரடி ஜாஸ் இசை கேட்கக்கூடிய இடம் எது?

மலையக உறவுகளுக்கு வணக்கம். ஹட்டனில் வசிக்கும் என் சித்தப்பா, தோட்டத்துத் திருவிழாக்களில் தப்பு அடித்து வளர்ந்தவர். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு சாக்சபோன் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் ஒருவரையொருவர் செவிமடுத்து, அந்தக் கணத்திலேயே அதை வளர்த்தெடுக்கும் ஜாஸ் இசைமீது இப்போது பெரும் ஈடுபாடு கொண்டுள்ளார். இதுவரை ஒலிப்பதிவுகளில் மட்டுமே கேட்டுள்ள அவரை, 2011இல் யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச ஜாஸ் தினமான ஏப்ரல் 30ஆம் திகதியை ஒட்டி, ஓர் இரவு நேரடி நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஏப்ரலில் நுவரெலியா சீசன் கூட்டத்தால் நிரம்பிவிடும் என்பதால், கண்டியே உகந்தது எனக் கருதுகிறேன்.

அங்கே இத்தகைய இசை நடைபெறும் கிளப் அல்லது ஹோட்டல் எது, மேசையை முன்பதிவு செய்ய வேண்டுமா, மது அருந்தாத முதியவர் ஒருவர் கூச்சமின்றி அமர்ந்து கேட்கக்கூடிய சூழல் உள்ளதா என்பவற்றை நேரில் சென்றவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அருகில் குறைந்த செலவில் தங்கக்கூடிய விடுதியையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.