பொருள்: ‘எதிரொலி அறை’யை மாற்றலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே கருத்துடையவர்கள் இணையத்தில் கூடி, ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லிச் சொல்லிக் கெட்டிப்படுத்திக்கொள்வதை, ஆங்கிலத்தின் echo chamber-ஐ, ‘எதிரொலி அறை’ என்று எழுதிவருகிறோம். எனக்கு ஒட்டவில்லை. நான் குமுளிக்காரன், மலையில் கூவினால் எதிரொலி இரண்டு மூன்று முறை வந்து தேய்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் தேய்வதில்லை, ஏறுகிறது.

2021 அக்டோபரில், முல்லைப் பெரியாறு அணையை அகற்றச் சொல்லிச் சமூக ஊடகங்களில் குரல் எழுந்தபோது நான் இரண்டு குழுக்களில் இருந்தேன். ஒன்று எங்கள் கடைத்தெரு மலையாளிகளுடையது. மற்றது கம்பத்து உறவினர்களுடையது. ஒரே அணைப் படம் இரண்டிலும் வந்தது. ஒன்றில் ‘விரிசலைப் பாருங்கள்’, மற்றதில் ‘உறுதியைப் பாருங்கள்’. 142 அடி வரை தேக்கலாம் என்ற 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கம்பத்துக் குழு நாள்தோறும் ஓதியது. கடைத்தெருவில் அந்தப் பேச்சே இல்லை. நான் இரண்டிலும் வாய் திறக்கவில்லை.

நாகசுரத்தின் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கும் குழலுக்கு ஒத்து என்று பெயர். ஆகவே என் முன்மொழிவு: ஒத்தூதுகூடம்.

*

> ஒத்தூதுகூடம்

ஐயா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் காரியத்துக்காக ஆமாம் போடுகிறான் என்று பொருள். உங்கள் உறவினர்கள் நடிக்கவில்லையே, நம்புகிறார்கள். கலைச்சொல்லில் ஏச்சு கலக்க வேண்டாம், ‘ஒத்தொலிக்கூடம்’ போதும். இயற்பியலின் ‘ஒத்ததிர்வு’ (resonance) நினைவுக்கு வந்தாலும் கெடுதலில்லை, அங்கும் வீச்சு பெருகத்தான் செய்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் எலி பாரிசர் 2011இல் பரப்பிய ‘வடிகட்டிக் குமிழி’யோடு (filter bubble) இதைக் குழப்பக் கூடாது. அதில் நமக்கு எதைக் காட்டுவதென்று கணினி நிரல் தீர்மானிக்கிறது. உங்கள் குழுக்களில் ஆட்களே கூடி ஆட்களே பேசினார்கள். எங்கள் வார்டு கிராமசபையிலும் அப்படித்தான், ஆனால் தண்ணீர்ப் பேச்சு வந்தால் எதிர்க்கட்சிக்காரர் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து மறுப்பார்.

*

‘ஒத்தொலிக்கூடம்’ எனக்குச் சம்மதம். ஏச்சு வேண்டாம் என்பது சரி.

ஆனால் வாய் திறக்காத என்னை எதில் சேர்ப்பது? தம் கருத்து சிறுபான்மை என்று எண்ணுகிறவர்கள் அடங்கிப்போக, அது மேலும் சிறுத்துத் தெரிவதை ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இலேயே விளக்கினார். ‘மௌனச் சுழல்’ என்கிறார்கள். சுழலில் சிக்கியவன் திணறுவான். நான் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ‘வாயடைப்பு’ என்றால் பிறர் அடைத்ததாகிவிடும். வாளா இருத்தல், அதாவது பேசாமல் சும்மா இருத்தல் என்பதிலிருந்து ‘வாளாமை’ என்று ஒன்று தோன்றுகிறது. மறுப்பிருந்தால் மறுத்துப் பேசுங்கள்.