இராஜமலைச் சாலையில் ஒரு வரையாட்டுக் குட்டி

நண்பர்களுக்கு வணக்கம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்துக்காகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடியிருந்த இரவிகுளம் தேசியப் பூங்கா மீண்டும் திறந்த சில நாட்களில், அனுபவமுள்ள ஓர் ஒளிப்படக் கலைஞரின் வழிகாட்டுதலில் எட்டுப் பேராக மூணாறிலிருந்து அங்கே சென்றோம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது இராஜமலைப் பகுதி மட்டுமே; வனத்துறை வண்டியில் ஏறிச் சென்று இறங்கியபின், தார்ச்சாலையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு வரையாடுகள் இங்கே கூடி வாழ்கின்றன. சங்கப் பாடல்கள் வருடை என்று குறிப்பிடுவது இந்த விலங்கைத்தான் என்பதைப் படித்த நாளிலிருந்தே இதை நேரில் காண வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இருந்தது.

காலையில் மூடுபனி அடர்ந்திருந்தது. சாலையோரப் புதர்களில் நீலகிரி ஈப்பிடிப்பானும், புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலியுமாக இரு பறவைகள் படமெடுக்கக் கிடைத்தன. பனியின் வெண்மை கேமராவின் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்காக) கூட்டி வைக்கச் சொன்னார் வழிகாட்டி. அந்த ஒரு சொல்லால் அன்றைய படங்கள் பலவும் தப்பின.

பனி விலகியபோது, சாலைக்குக் கீழேயிருந்த புல்சரிவில் ஏழெட்டுப் பெட்டைகளும் குட்டிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. அவை மேய்ந்தபடியே ஏறி வந்து, ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்து மேலேயுள்ள பாறைகளை நோக்கிச் சென்றன. கடைசியாகக் கடந்த தாயின் பின்னால் வந்த குட்டி, இரண்டு மாதம்தான் இருக்கும், சாலையின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் தாய்க்கும் நடுவே முழங்காலிட்டுக் கேமராவைப் பிடித்திருந்தவர்களில் நானும் ஒருவன். வ்யூஃபைண்டரில் அதன் முகம் நிறைந்திருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு காட்டு விலங்கு என்னைப் பார்த்ததில்லை என்ற மகிழ்ச்சியில், அது ஏன் நிற்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

உடன் வந்த வனத்துறை வாட்சர் (காவலர்), குரலை உயர்த்தாமல், "சார், குட்டி ஆத்தாகிட்டப் போகணும். வழி விடுங்க" என்றார்.

ஆபத்தென்றால் வரையாடு ஓடி ஒளிவது செங்குத்தான பாறையில்தான். புலியும் சிறுத்தையும் தொடர முடியாத இடம் அது. அந்தப் பாறைக்குப் போகும் வழியை மனிதர்கள் அடைத்து நின்றால், மனிதரைக் கண்டு அஞ்சாமல் பழகிய இராஜமலை ஆடுகளும் கலங்கிவிடும் என்று அவர் பின்னர் விளக்கினார். நாங்கள் முப்பது அடி பின்வாங்கினோம். சிறிது நேரம் கழித்துக் குட்டி துள்ளிக் கடந்தது. பின்வாங்கும் பரபரப்பில் அதை யாரும் படமெடுக்கவில்லை. அதன்பின், தொலைவிலிருப்பதைப் பெரிதாக்கும் 400 எம்எம் லென்ஸில் கூடச் சிறிதாகவே தெரியும் தொலைவில், பாறை விளிம்பில் குட்டி பால் குடிக்க, தாய் அசைபோட்டபடி நின்றதை எடுத்தேன். முன்பு எடுத்த நெருக்கமான முகப்படங்களில் குட்டியின் காதுகள் விறைத்திருப்பது வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவற்றை நான் எங்கும் வெளியிடப் போவதில்லை.

•

மேலே உள்ள அனுபவத்தைப் படித்தபின் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. நான் சென்றது ஆகஸ்ட் மாத மழையில், இணைசேரும் பருவத்தில். ஆண்டின் பெரும்பகுதி தனியே திரியும் முதிர்ந்த கடாக்கள் அப்போது மந்தைக்கு வந்துவிடுகின்றன. கருமை படர்ந்த உடலும், முதுகில் சேணம் போர்த்தியதுபோல் வெள்ளி நிறத் திட்டும் கொண்ட இரண்டு கடாக்கள் எதிரெதிர்த் திசை நோக்கி விலாவோடு விலா ஒட்டி நின்று, கொம்பால் இடித்துக்கொண்டு சுழன்றதை ஏறக்குறைய கால் மணி நேரம் பார்த்தேன்.

எக்ஸ்போஷரைக் கூட்டச் சொன்ன அறிவுரை பனிக்குப் பொருந்தும். ஆனால் கரிய கடா சட்டகத்தை நிறைக்கும்போது நேர்மாறாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வெள்ளித் திட்டு மயிர்கூடத் தெரியாமல் வெளுத்துவிடும். எனக்கு முதல் இருபது படங்கள் அப்படித்தான் வீணாயின. இருபத்தொன்றாவது படத்தில் திட்டின் ஒவ்வொரு மயிரிலும் மழைத்துளி நிற்கிறது. சாலையின் மறுபுறம் ஒதுங்கி நின்றுதான் எடுத்தேன். பாறைக்கு ஏறும் பக்கத்தை எங்கள் வழிகாட்டியும் முதலிலேயே காலியாக வைக்கச் சொல்லியிருந்தார்.