உளித் தாங்கியின் பற்கள் உடைகின்றன, உளிகள் முன்னால் சாய்கின்றன: எங்கே தவறு?

கேள்வி – சீவல்தூள்

பட்டறைச் சுவரில் மாட்டும் கைக்கருவித் தாங்கி ஒன்று செய்தேன். உளிகளுக்கான பலகை பைன் மரம்: கனம் 20 மி.மீ., அகலம் 75, நீளம் 340. எட்டு உளிகளுக்கு எட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் 25 மி.மீ., மையத்துக்கு மையம் 40 மி.மீ. என்னிடம் உள்ள அகலமான உளி 25 மி.மீ. என்பதால் எல்லாத் துளைக்கும் முன்பக்கம் 26 மி.மீ. வாய் திறந்துவிட்டேன்.

இந்தப் பலகையை 18 மி.மீ. பிளைவுட் முதுகுப்பலகையில் (அகலம் 600, உயரம் 400) பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கிறேன். முதுகின் மேல்விளிம்பில் 45 டிகிரி பிரெஞ்ச் கிளீட் (விளிம்பைச் சாய்வாக அறுத்த இரண்டு பட்டைகள்; ஒன்று சுவரில், மற்றது முதுகின் பின்னால், ஒன்றில் ஒன்று கொக்கிபோல் மாட்டும்), அதுவும் அதே பிளைவுட். சுவர் பூசிய செங்கல். கிளீட்டின் சுவர்ப் பட்டைக்கு 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ.

இப்போது உள்ள பிரச்சினைகள்:
– வாய்களுக்கு நடுவே நிற்கும் பற்களில் இரண்டு, லேசாக இடித்ததற்கே அடியோடு வந்துவிட்டன.
– உளிகள் எல்லாம் முன்பக்கம் சரிந்து நிற்கின்றன. மேசையில் கொட்டாப்புளியால் அடித்தால் சின்ன உளிகள் கீழே விழுகின்றன.
– சுவர்ப் பட்டையின் ஒரு முனை சுவரை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கிறது.

கடின மரத்தில் மறுபடி செய்தால் சரியாகுமா?

பதில் – நேர்விளிம்பு

கடின மரம் போட்டாலும் அதே இடத்தில்தான் உடையும், கொஞ்சம் தாமதமாக. பலகையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நீங்கள் வாயை அறுத்தது நாருக்குக் குறுக்கே. அதனால் ஒவ்வொரு பல்லிலும் இருப்பது 14 மி.மீ. நீளமுள்ள துண்டு நார்கள் மட்டும். பல்லின் அடியிலிருந்து பலகைக்குள் தொடர்ந்து போகும் நார் ஒன்றுகூட இல்லை. பல்லைப் பக்கவாட்டில் தட்டினால் நாருக்கு நார் பிளந்து வரத்தான் செய்யும்.

வாயை அவ்வளவு அகலமாகத் திறந்ததும் தேவையில்லாத வேலை. வாய் வழியாகப் போக வேண்டியது உளியின் கழுத்து மட்டுமே, அது பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. 14 மி.மீ. வாய் போதும். அகலமான உளியைக் கால்சுற்று திருப்பினால் அலகின் கனம்தான் வாயைக் கடக்க வேண்டும், அது 4, 5 மி.மீ.க்கு மேல் இருக்காது. துளை 25, வாய் 26 என்றால் கைப்பிடியைத் தடுத்து நிறுத்த முன்னால் எதுவுமே இல்லையே! சின்ன உளிகள் விழுவதில் ஆச்சரியமில்லை.

பதில் – மூலைமட்டம்

சாய்வுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். முதுகுப்பலகையின் அடிப்பக்கத்தில், கிளீட்டின் கனத்துக்கே ஒரு பட்டை ஒட்டியிருக்கிறீர்களா?

சீவல்தூள்

இல்லை. அடிப்பக்கம் நேராகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

பதில் – மூலைமட்டம்

அப்படியென்றால் அதுதான். மேலே கிளீட் பலகையைச் சுவரிலிருந்து 18 மி.மீ. வெளியே தள்ளி நிறுத்துகிறது, கீழே சுவரைத் தொடுகிறது. கிளீட்டுக்கும் அடிவிளிம்புக்கும் நடுவே சுமார் 350 மி.மீ. இருக்கும், அந்த உயரத்துக்கு 18 மி.மீ. விலகல் என்றால் ஏறக்குறைய 3 டிகிரி. 75 மி.மீ. அகலமுள்ள உளிப்பலகையின் முன்விளிம்பு அதனால் 4 மி.மீ. தாழ்ந்து நிற்கும். அடியில் 18 மி.மீ. பிளைவுட் பட்டையை முழு அகலத்துக்கும் ஒட்டுங்கள், நிமிர்ந்துவிடும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக இடம் கிடைப்பதால் ஈரச்சுவரின் பக்கத்தில் உளிகள் துருப்பிடிப்பதும் குறையும்.

கழற்றும்போது கிளீட்டையும் ஒருமுறை பாருங்கள். சுவர்ப் பட்டையின் கூர்விளிம்பு மேல்நோக்கி, சுவரை விட்டு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் ஏற ஏறத் தாங்கி சுவரோடு இறுகும்.

பட்டை விலகியதற்கு ஸ்க்ரூவின் நீளம் காரணம். 50 மி.மீ.யில் பட்டைக்கு 18 போனது, பூச்சுக்குச் சுமார் 15 போனது. செங்கலுக்குள் மிஞ்சியது 17 மி.மீ. பிளக் விரிந்ததில் பெரும்பகுதி பூச்சுக்குள் நடந்திருக்கும், பூச்சு பொடிந்து கொடுத்துவிட்டது. செங்கலுக்குள் 40 மி.மீ. போக வேண்டுமென்றால் 18 + 15 + 40, அதாவது 75 அல்லது 80 மி.மீ. ஸ்க்ரூ. பழைய ஓட்டையில் தீக்குச்சி செருகிச் சமாளிக்க வேண்டாம், 50 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள். டிரில் பிட்டில் 65 மி.மீ.யில் டேப் சுற்றிக்கொண்டு அதுவரை துளையிட்டு, தூளை ஊதி எடுத்தபின் பிளக்கைப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். 600 மி.மீ. பட்டைக்கு நான்கு ஸ்க்ரூ.

பதில் – அரக்குப்பூண்

அடிப்பட்டையை 24 மி.மீ. ஆக்கினால் உளிகள் ஒரு டிகிரி பின்னால் சாயும், இன்னும் பாதுகாப்பு.

பதில் – மூலைமட்டம்

செய்யலாம், ஆனால் கிளீட்டின் இரண்டு சாய்முகங்களும் முழுதாகப் படியாமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும். தாங்கி ஆட்டம் கொடுக்கும். உளிப்பலகையைச் சரியாகச் செய்தால் இந்தச் சாய்வு தேவைப்படாது.

பதில் – நேர்விளிம்பு

உளிப்பலகைக்கு இரண்டு வழி சொல்கிறேன். வாய் வைத்த தாங்கிதான் வேண்டும் என்றால் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்யுங்கள், அதில் அடுக்குகள் மாறிமாறி ஓடுவதால் பாதி நார்கள் பல்லின் நீளத்திலேயே போகும். துளை 25, வாய் 14, மையத்துக்கு மையம் 55. அடியில் மரத்துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளை போட்டால் மறுபக்கம் பிய்யாது. துளை முடிந்த பிறகே வாயை அறுக்க வேண்டும்.

ஆனால் என் பரிந்துரை வேறு. வாயே இல்லாமல், துளையும் இல்லாமல், அதே 20 மி.மீ. பைன் பலகையில் செய்யலாம். இரண்டு நீளப் பட்டைகள், நடுவே கட்டைகள், அவ்வளவுதான்:

பின்பட்டை 465 நீளம், 35 அகலம் – 1
முன்பட்டை 465 நீளம், 20 அகலம் – 1
கட்டை 25 நீளம், 22 அகலம் – 9

கட்டைகளின் நார் பட்டைகளின் நாரோடு ஒரே திசையில் ஓடும்படி வெட்டுங்கள். பின்பட்டையில் இரு முனையிலும் ஒரு கட்டை, நடுவில் 30 மி.மீ. இடைவெளி விட்டு ஏழு கட்டைகள். எட்டு அறைகள், ஒவ்வொன்றும் 30 × 22. கணக்கு சரிதான்: 8 × 30 + 9 × 25 = 465. இடைவெளியை அளந்து அளந்து வைக்காதீர்கள், 30 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, அதை அடுத்தடுத்து வைத்தே ஒட்டுங்கள். பசை காயும் முன்பு அந்தத் துண்டை எடுத்துவிட மறக்கக் கூடாது. முன்பட்டையை மூடி மூன்று கிளாம்ப்.

25 மி.மீ. அலகு 30 மி.மீ. பக்கத்தில் இறங்கும். கைப்பிடி கீழே குறுகிக்கொண்டே வருவதால், 22 மி.மீ. விட்டம் வரும் இடத்தில் முன்னும் பின்னும் பிடித்து நின்றுவிடும். முன்பட்டையின் நார் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடுகிறது, உடையப் பல்லே கிடையாது. கொட்டாப்புளி அடி எவ்வளவு விழுந்தாலும் உளி முன்னால் வர வழியில்லை.

ஒரே குறை, உளியை எடுக்க அலகு முழுவதும் வெளியே வரும்வரை மேலே தூக்க வேண்டும். கைப்பிடிக்கு மேல் 180 மி.மீ. காலியிடம் விடுங்கள். சின்ன உளியின் கைப்பிடி 22 மி.மீ.க்கும் மெலிதாக இருந்தால் அந்த அறைக்குள் 4 மி.மீ. சில்லு ஒன்றை ஒட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். அறைகளின் மேல்விளிம்பை 2 மி.மீ. சாய்த்துச் சீவிவிட்டால் கைப்பிடியில் தழும்பு விழாது.

முதுகுப்பலகையில் பிடிக்க 4 × 45 மி.மீ. ஸ்க்ரூ நான்கு, 3 மி.மீ. முன்துளையோடு.

பதில் – அரக்குப்பூண்

இவ்வளவு எதற்கு? காந்தப் பட்டை ஒன்று போதுமே.

பதில் – நேர்விளிம்பு

மூலைமட்டக் கருவி, இரும்பு அளவுகோல் போன்றவற்றுக்குக் காந்தப் பட்டை நல்லது. உளிக்கு வேண்டாம். பக்கத்தில் கொண்டுபோனதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், தீட்டிய முனை காந்தத்தில் மோதும். அலகும் காந்தமேறி, தீட்டும்போது இரும்புத்தூளை ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும்.

சீவல்தூள்

அறை வைத்த முறையிலேயே செய்கிறேன். இதே முதுகுப்பலகையில் இரண்டு இழைப்புளிகளை வைக்கலாமா? ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ. உளிமுனைகள் கீழே திறந்தபடி தொங்குவதும் யோசனையாக இருக்கிறது.

பதில் – மூலைமட்டம்

75 மி.மீ. ஸ்க்ரூ போட்டபின் பாரம் ஒரு பிரச்சினையில்லை. இழைப்புளிகளை உளிகளுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். எடுக்கப் போகும் கை உளிமுனையில்தான் படும். உளித்தாங்கி 465 மி.மீ.தான், அதை ஒரு ஓரமாகத் தள்ளினாலும் மிஞ்சும் 135 மி.மீ.யில் ஒரு இழைப்புளிக்குத்தான் இடம். இரண்டுக்கும் தனியாக ஒரு பலகை செய்து, அதே கிளீட் அளவில் பக்கத்தில் மாட்டுவது நல்லது. கிளீட்டின் பயனே அதுதான். அதில் இழைப்புளிகள் உட்காரும் தட்டின் முன்விளிம்பில் 20 மி.மீ. உயரத்துக்குத் தடுப்பு, இழைப்புளிக்கு அடியில் குறுக்கே 5 மி.மீ. பட்டை ஒன்று, அலகின் கூர்விளிம்பு மரத்தில் படாமல் நிற்கும்.

உளிமுனைகளுக்கு முன்னால் 6 மி.மீ. பிளைவுட் மறைப்பு போதும். முன்பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து நீளமான அலகைவிட 20 மி.மீ. தாழ்வாக வரட்டும். அடியை மூடாதீர்கள், சீவல் அடைந்து ஈரம் பிடிக்கும். மறைப்பை ஒட்டுவதற்கு முன் நீளமான உளியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.