‘தற்குறிப்பு’ வேண்டாம், ‘பயில்குறிப்பு’ ஆகுமா?

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

கற்கும்போது ஒருவர் தமக்கென எழுதிக்கொள்ளும் குறிப்புக்குத் தாங்கள் முன்வைத்த ‘தற்குறிப்பு’ பிழையின்றிப் புணர்ந்த சொல்லே எனினும், அதைக் கேட்டதும் அணியிலக்கணம் படித்தவருக்குத் தற்குறிப்பேற்றமும் ஏனையோருக்குத் ‘தற்குறி’யும் நினைவுக்கு வரும் என்பது என் தயக்கம். கையெழுத்திடத் தெரியாதவரைக் குறித்த சொல்லின் நிழல் எழுதி எழுதிக் கற்பவர்மீது விழலாகாது.

மற்றொரு அன்பர் பரிந்துரைத்த ‘கற்குறிப்பு’ என்பதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு ஏற்பது இன்னும் கடினம். இங்கே அது பிரெட்ரிக் கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்து நிற்கும் கல்வெட்டைத்தான் முதலில் காட்டும். இலக்கணமும் அதற்குத் துணைவரவில்லை. ‘கல்’ என்னும் வினையடி வினைத்தொகையில் வரும்போது ‘கொல்களிறு’ போல லகரம் திரியாமல் நிற்கும்; ‘கற்கோயில்’ போலத் திரிந்தால் அது கருங்கல்லே.

இனிப் பொருளைப் பார்ப்போம். எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ‘நோட்ஸ்’ என்பது, ரியூசனில் ஆசிரியர் சொல்லச் சொல்லக் கொப்பியில் இறக்கியதை. ‘சோட் நோட்ஸ்’ என்பது, பரீட்சை நெருங்கும்போது அதையே சுருக்கியதை. இரண்டிலும் பெரும்பாலும் சொல் ஆசிரியருடையது, கை மட்டுமே பிள்ளையுடையது. நாம் பெயர் தேடுவதோ, கற்றதைத் தம் சொல்லில் எழுதி, பின்னர் திருத்தியும் பிறவற்றோடு தொடுத்தும் வைக்கும் குறிப்புக்கு. ஜேர்மனியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் விட்டுச்சென்ற ஏறத்தாழ 90,000 சீட்டுகள் இவ்வகையின. ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அந்த எண்ணாலேயே வழிகாட்டி வைத்திருந்தார். ‘பாடக்குறிப்பு’ கற்பிப்பவரின் ஆயத்தத்துக்கும் ‘சிறுகுறிப்பு’ வினாத்தாளுக்கும் ஏற்கெனவே போய்விட்டன.

ஆகவே ‘பயில்குறிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். பயிலுதலுக்குக் கற்றல், பழகுதல், அடுத்தடுத்து நிகழ்தல் என்னும் பொருள்கள் உள்ளமையால், ஒருமுறை எழுதி மூடிவைக்கும் ஏட்டை இச்சொல் குறிக்காது. வினைத்தொகை என்பதால் பயின்ற குறிப்பு, பயில்கின்ற குறிப்பு, பயிலும் குறிப்பு என மூன்று காலமும் இதில் அடங்கும். நேற்று எழுதியதை இன்று திருத்தி நாளை மீண்டும் எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய குறிப்பின் ஓர் உறுப்புக்கும் பெயர் வேண்டும். அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்து வால்டர் போக் பரப்பிய குறிப்பெடுக்கும் முறையில், வலப்பக்கம் குறிப்பும் அடியில் சுருக்கமும் அமைய, இடப்பக்கத்து ஒடுங்கிய நிரலில் வினாக்களோ தூண்டுசொற்களோ எழுதப்படும். வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு அவற்றுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். அந்த நிரலை ‘வினாநிரல்’ எனலாம். நிரை, நிரல் என்பவை நம் கணிதப் பாடத்தில் பழகிய சொற்களே.

‘பயிற்சிக் குறிப்பு’ என்பதோடு இது மயங்கும் என்று யாரேனும் கருதினால் அறியத்தாருங்கள். சொல்தொகுப்பில் சேர்ப்பவர்கள் மட்டும், வினைத்தொகையில் லகரம் திரியாது என்று மேலே சொன்ன காரணத்தால், இதைப் ‘பயிற்குறிப்பு’ என்று திருத்திவிடாமல் இருக்க வேண்டுகிறேன்.